பிறர் பாத்திரத்தைத் தொடாமை: கூட்டுப் பாத்திர எழுத்தின் விதிகளும் கூற்று மரபும்

முன்னுரை

பலர் கூடி ஒரு கதையைப் புனைவது புதிய வழக்கம் அன்று. ஆயின், ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தைத் தமக்கென ஏற்றுக்கொண்டு, அப்பாத்திரத்தின் சொல்லையும் செயலையும் மட்டுமே தாம் எழுதி, மறுமொழியைப் பிறர் எழுதக் காத்திருக்கும் முறை சென்ற அரை நூற்றாண்டுக் காலத்தில் உருப்பெற்றதாகும். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் ஆகிய இருவர் 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியிட்ட 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு, பாத்திரமேற்றலை விளையாட்டின் மையமாக்கியது. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா 1978இல் தொடங்கி, ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்தெடுத்த 'மட்' என்னும் கணினி உலகம், பாத்திரமேற்றலை முழுவதும் எழுத்தால் நிகழ்வதாக மாற்றியது. இவ்விரண்டன் வழியில் வந்தவையே இன்று கணினி வழியாகப் பலர் சேர்ந்து எழுதும் பாத்திர எழுத்துக் குழுக்கள்.

இக்குழுக்களுள் புதிதாக நுழைவோர் முதலிற் காண்பது கதையை அன்று, விதிகளை. இவ்விதிகளை இலக்கிய ஆய்வாளர் பொருட்படுத்துவதில்லை. விடுதியின் சுவரில் ஒட்டப்பட்ட ஒழுங்குமுறைகளைப் போல அவற்றைக் கருதிக் கடந்துவிடுகின்றனர். அவை ஒழுங்குமுறைகள் மட்டும் அல்ல, ஓர் இலக்கணமும் ஆகும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. யார் பேசலாம், யார் பேசலாகாது, யார் எதை அறிந்தவராகப் பேசலாம் என வரையறுப்பது எதுவோ அதனைத் தமிழ் மரபு 'கூற்று' என்னும் உறுப்பாகவே கொண்டு இலக்கணம் செய்துள்ளது. அந்த மரபைப் பயின்ற கண்ணுக்கு இவ்விதிகளில் தெரிவன சில உண்டு. இரண்டும் ஒன்றே என்று காட்டுதல் இக்கட்டுரையின் நோக்கம் அன்று. இரண்டும் பிரியும் இடமே இங்குப் பெரிதும் நோக்கப்படுகிறது.

முதல் விதி

குழுக்குக் குழு விதிகள் வேறுபடினும், எல்லாக் குழுக்களிலும் தவறாது இடம்பெறும் விதி ஒன்று உண்டு. பிறர் ஏற்றுள்ள பாத்திரத்தின் செயலை, உணர்வை, முடிவை நீ எழுதாதே என்பது அது. ஒருவருடைய பாத்திரம் வாளை வீசலாம். அந்த வாள் மற்றவர் பாத்திரத்தின் தோளை வெட்டிற்று என அவரே எழுதலாகாது. வெட்டிற்றா, விலகிற்றா என்பதைத் தோளுக்கு உரியவரே எழுத வேண்டும். இவ்விதியை மீறுவதைக் குழுவினர் 'பவர்பிளேயிங்' என்பர். தம் பாத்திரத்துக்குத் தோல்வியே நேராதவாறு எழுதிச் செல்வது 'காட்மாடிங்' எனப்படும். இரு சொற்களையும் ஒன்றன் இடத்தில் மற்றொன்றாக வழங்குவோரும் உளர்.

இவ்விதியின் விளைவு முதலில் வாக்கிய அமைப்பில் வெளிப்படுகிறது என்பது நோக்கத்தக்கது. தனியாசிரியர் எழுதும் புனைகதையில் 'அவன் அவளை அறைந்தான்' என்பது முற்றுப்பெற்ற வாக்கியம். பாத்திர எழுத்திலோ அவ்வாக்கியம் அமையாது. 'அறையக் கை ஓங்கினான்' என்ற அளவில் நின்றுவிட வேண்டும். ஆகவே இவ்வெழுத்தில் முயற்சி குறித்த வினைகளும், நிறைவேறாது நிற்கும் செயல்களும் மிகுதியாகப் பயில்கின்றன. ஒவ்வொரு பகுதியும் ஒரு கேள்வியாகவே முடிகிறது. இதனை நடைக்குறை எனச் சிலர் கொள்ளக்கூடும். குறையே ஆயினும் இது விதியிலிருந்து பிறந்த குறை. எழுதுவோரின் திறக்குறை அன்று.

இவ்விதி நாகரிகத்துக்காக ஏற்பட்டது என எண்ணுவோர் 1993ஆம் ஆண்டில் நிகழ்ந்த ஒன்றைக் கருத வேண்டும். பாவெல் கர்ட்டிஸ் என்பார் செராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் 1990இல் தொடங்கிய 'லாம்டாமூ' என்பது முழுவதும் எழுத்தால் ஆன ஓர் உலகம். அங்கு வந்தோர் பாத்திரப் பெயர்களில் உலவினர், பேசினர், வீடு கட்டினர். ஒருநாள் ஒருவர், பிற பாத்திரங்கள் செய்வன போன்ற வாக்கியங்களைத் தாமே தோற்றுவிக்க உதவும் ஒரு சிறு நிரலைக் கைக்கொண்டு, அங்கிருந்த பெண் பாத்திரங்கள் உள்ளிட்டோர் மீது பாலியல் வன்முறை நிகழ்வதாகவும், அவர்கள் தம்மைத் தாமே வதைத்துக்கொள்வதாகவும் அனைவரும் காண எழுதினார். நிகழ்ந்தவை வாக்கியங்கள் மட்டுமே. எனினும் அப்பாத்திரங்களை ஏற்றிருந்தோர் அடைந்த துன்பம் மெய்யானது. இதழாளர் ஜூலியன் டிபெல் அவ்வாண்டின் இறுதியில் 'வில்லேஜ் வாய்ஸ்' இதழில் இதனை எழுதியபின், இணையச் சமூகம் பற்றிய எந்த ஆய்வும் இந்நிகழ்ச்சியைக் கடந்து செல்ல இயலாதாயிற்று.

டிபெலின் கட்டுரை சட்டவியலாரையும் மெய்யியலாரையும் ஈர்த்த அளவு இலக்கியத் துறையினரை ஈர்க்கவில்லை. ஆனால் அதன் அடியில் இருப்பது கூற்றுச் சிக்கலே. ஒரு பெண் தன் பாத்திரத்தின் வாயாகவும் கையாகவும் இருக்கும் உரிமையை இன்னொருவர் பறித்துக்கொண்டார். கூற்றுக்கு உரியார் ஒருவர்; கூறினார் வேறொருவர். அந்நிகழ்ச்சிக்குப் பின் லாம்டாமூவில் கூடியோர் நெடுநேரம் உரையாடியும் ஒருமித்த முடிவை எட்டவில்லை. நிருவாகப் பொறுப்பில் இருந்த ஒருவர் தாமாகவே அப்பாத்திரத்தை நீக்கினார். அதன் பிறகே விண்ணப்பமும் வாக்கெடுப்பும் கொண்ட ஆட்சிமுறை ஒன்றைக் கர்ட்டிஸ் ஏற்படுத்தினார். பிற்காலக் குழுக்களின் நீண்ட விதிப்பட்டியல்களைச் சலிப்புடன் படிக்கும் நாம், விதியில்லாத நிலையில் நேர்ந்த இதனை மறத்தல் கூடாது.

பெயரும் உரிமையும்

தொல்காப்பியச் செய்யுளியல், களவுக் காலத்தில் பேசுதற்கு உரியோர் அறுவர் என வரையறுக்கிறது. பார்ப்பான், பாங்கன், தோழி, செவிலி, தலைவன், தலைவி என்போர் அவர். கற்புக் காலத்தில் பாணன், கூத்தன், விறலி, பரத்தை, அறிவர், கண்டோர் ஆகியோரும் சேர்கின்றனர். ஊரார், அயலார், சேரியார், தந்தை, தமையன் முதலியோருக்கு நேர்க்கூற்று இல்லை. அவர்கள் சொன்னதாகப் பிறர் எடுத்துரைக்கலாம், அவ்வளவே. 'தாய் சொன்னாள், ஊர் சொல்கிறது' என்று தோழி கூறுவாள். ஊர் நம்முன் வந்து பேசாது. இன்றைய குழுக்களிலும் இத்தகைய பகுப்பு உண்டு. உரியவர் ஒருவரால் ஏற்கப்பட்ட பாத்திரங்கள் ஒரு வகை; காவலர், கடைக்காரர், வழிப்போக்கர் என எவரும் எடுத்தாளத்தக்க, உரியவர் இல்லாப் பாத்திரங்கள் மற்றொரு வகை. பின்னவை ஏற்கப்பட்ட பாத்திரத்தின் பகுதிக்குள் எடுத்துரைக்கப்படும் அளவில் மட்டுமே வாழ்கின்றன. இவ்வொப்புமை இக்கட்டுரையாளருக்கு வியப்பளித்தது உண்மை.

எனினும், ஒப்புமை இதற்குமேற் செல்லாது. அகத்திணை மாந்தரைச் சுட்டி ஒருவர் பெயர் கூறுதல் கூடாது என்பது அகத்திணையியலின் விதி. இவ்விதிக்கு உரையாசிரியரும் பிற்கால ஆய்வாளரும் தந்த விளக்கங்கள் பல. உலகப் பொதுமை நோக்கிய விதி என்பது பெருவழக்கான விளக்கம். பாத்திர எழுத்தின் பக்கத்தில் வைத்து நோக்கும்போது அதன் இன்னொரு பயன் புலனாகிறது. பெயர் இல்லாத தலைவி எவர்க்கும் உரியவள் அல்லள். ஆகவே எல்லார்க்கும் உரியவள். கபிலரும் அவளாகப் பேசலாம், ஔவையாரும் பேசலாம், பெயர் அறியாப் புலவர் ஒருவரும் பேசலாம். குறுந்தொகையின் 401 பாடல்களில் எத்தனையோ புலவர் அதே தோழியின் இடத்தில் நின்றுள்ளனர். ஒருவர் எழுதிய தலைவியை மற்றவர் கெடுத்துவிட்டார் என்ற வழக்கு அங்கு எழவே வழியில்லை.

பாத்திர எழுத்துக் குழுவிலோ முதற்செயல் பெயரிடுதல். பெயர், வயது, தோற்றம், குடும்ப வரலாறு, குறைபாடு என நிரப்பிய பாத்திர விண்ணப்பம் ஏற்கப்பட்ட பின்னரே எழுதத் தொடங்கலாம். பெயர் வந்ததும் உடைமை வருகிறது. உடைமை வந்ததும் இசைவு பற்றிய விதி வருகிறது. அக மரபில் பாத்திரம் பொது, பாடல் தனி. இங்குப் பாத்திரம் தனி, கதை பொது. இரண்டு விதித்தொகுதிகளின் வேறுபாடுகள் பலவும் இந்த ஒரு தலைகீழ் மாற்றத்திலிருந்து விளைந்தவை எனலாம்.

உடைமையை வேறுவகையாகப் பகிர்ந்துகொண்ட கூட்டு எழுத்துகளும் உண்டு. இங்கிலாந்தின் 'டிடெக்ஷன் கிளப்' என்னும் துப்பறியும் கதை எழுத்தாளர் கழகத்தினர் 1931இல் 'தி ஃப்ளோட்டிங் அட்மிரல்' என்னும் நாவலை வெளியிட்டனர். அத்தியாயத்துக்கு அத்தியாயம் எழுதும் கை மாறியது. அகதா கிறிஸ்டி, டோரதி சேயர்ஸ், ரொனால்ட் நாக்ஸ், ஆண்டனி பெர்க்லி முதலியோர் எழுதினர். செஸ்டர்டன் முகப்புப் பகுதியை எழுதினார். இதற்கு அவர்கள் வகுத்துக்கொண்ட விதிகளைச் சேயர்ஸ் முன்னுரையில் விளக்குகிறார். ஒவ்வொருவரும் தம் மனத்தில் ஒரு திட்டமான விடையைக் கொண்டே எழுத வேண்டும். அடுத்தவரைத் திணறடிப்பதற்காக மட்டும் சிக்கலைச் சேர்த்தல் ஆகாது. முன்னவர் விட்டுச்சென்ற சிக்கல் எதனையும் பின்னவர் புறக்கணித்தல் ஆகாது. அவரவர் எண்ணிய விடைகளும் நூலின் பின்னிணைப்பில் அச்சாயின. இங்குப் பாத்திரங்கள் யாருக்கும் தனியுடைமை அல்ல, முடிச்சுகளே உடைமை. முடிச்சிட்டவர் அதனை அவிழ்க்கவும் அறிந்திருக்க வேண்டும் என்பது நேர்மை விதி. எட்டாம் அத்தியாயத்தில் நாக்ஸ் அதுவரை சேர்ந்துபோன ஐயங்களைத் தொகுத்து 39 என எண்ணிக் காட்டுகிறார். படித்துச் சிரித்தபின்தான் அதன் அருமை விளங்குகிறது: கூட்டு எழுத்தில் எவரேனும் ஒருவர் நின்று கணக்கெடுத்தாக வேண்டும்.

சப்பானியரின் ரெங்கா என்னும் தொடர்கவிதையில் நிலை இன்னும் வேறு. நிஜோ யோஷிமோட்டோ 1372இல் தொகுத்த விதிகள் அதற்கு அடிப்படை. 1488இல் சோகி, ஷோஹாக்கு, சோச்சோ என்னும் மூவர் மினாசேயில் பாடிய 100 கண்ணிகள் அதன் சிறந்த சான்றாகப் போற்றப்படுகின்றன. ஒரு கண்ணி தனக்கு முந்திய கண்ணியோடு இயைய வேண்டும். அதற்கும் முந்தியதிலிருந்து விலக வேண்டும். இளவேனிலோ கூதிரோ தொடங்கினால் மூன்று கண்ணிகளுக்குக் குறையாமலும் ஐந்துக்கு மிகாமலும் தொடர வேண்டும். நம் அந்தாதியின் நினைவு எழுவது இயல்பே. ஆனால் அந்தாதி தொடக்கத்துக்குத் திரும்பி மண்டலிக்கும், ரெங்கா திரும்புவதையே தவிர்க்கும். அங்குக் கதையும் இல்லை, பாத்திரமும் இல்லை. பிடித்துவைக்க எதுவும் இல்லாத இடத்தில் உடைமை வழக்கும் இல்லை.

விதியே இன்றி எழுதிப் பார்த்த சோதனையும் நடந்துள்ளது. பெங்குவின் பதிப்பகம் டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2007இன் தொடக்கத்தில் ஐந்து வாரங்கள் நடத்திய 'எ மில்லியன் பெங்குவின்ஸ்' என்னும் நாவலில் எவரும் எவருடைய வரியையும் திருத்தலாம், அழிக்கலாம். ஒருவர் பக்கம்தோறும் வாழைப்பழங்களைப் புகுத்திச் சென்றார். மற்றவர் அவற்றை அகற்றுவதிலும், பின்பு அவற்றுக்குக் கதையில் இடம் தேடுவதிலும் பொழுதைக் கழித்தனர். அதனைத் திருவிழாவாகக் கொண்டு மகிழலாம். நாவலாகக் கொள்ள இயலவில்லை.

ஒரு வகுப்பறை நிகழ்வு

இக்கட்டுரையாளர் தமிழகத்துக்கு வெளியே உள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர்க்குப் படைப்பிலக்கியம் கற்பித்தபோது, கூற்று இலக்கணத்தைப் பயிற்றும் பொருட்டு ஒரு பாத்திர எழுத்தினை நடத்தினார். சிறிய இரயில் நிலையம் ஒன்று கதைக்களம். மாணவர் ஒன்பதின்மர், பாத்திரம் ஒன்பது. நிலைய அதிகாரியின் பாத்திரத்தை ஏற்றவர் அதிகம் பேசாத மாணவி ஒருவர். அவர் பாத்திரமும் அதிகம் பேசவில்லை. பழைய விபத்து ஒன்றில் அவ்வதிகாரிக்குப் பங்கு உண்டோ என்ற ஐயம் கதையில் வளர்ந்துவந்தது. நான்காம் வாரம், தேநீர்க் கடைக்காரராக எழுதிய மாணவர் பொறுமை இழந்து, அதிகாரி தம் கடைக்கு வந்து உடைந்து அழுது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டார்.

இதில் மறைக்க வேண்டாத ஓர் உண்மை உண்டு. அந்தப் பருவம் முழுவதும் எழுதப்பட்டவற்றுள் மிகச் சிறந்த பகுதி அதுவே. வேறெங்கேனும் சிறுகதையாக வந்திருந்தால் இக்கட்டுரையாளர் அதனைப் பாராட்டியிருப்பார். மாணவி மறுநாள் வகுப்பில், 'ஐயா, அது நல்லா இருக்குங்க. ஆனா அவரு அழ மாட்டாரு' என்றார். அதற்குமேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் எழுதவும் இல்லை.

பகுதியை நீக்குவது என முடிவாயிற்று. கதை அதனால் மெலிந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். இலக்கியத் தரம் ஒன்றையே அளவுகோலாகக் கொண்டால் அம்முடிவு பிழை. ஆனால் அந்த அளவுகோல் ஒற்றை ஆசிரியனுக்காக ஏற்பட்டது. 'அவர் அழ மாட்டார்' என்ற மாணவியின் தொடர் ஒரு விமரிசனத் தீர்ப்பு. பாத்திரத்தைப் பிறரினும் நன்கு அறிந்த ஒருவர் சொன்ன தீர்ப்பு. அதனை அவர் நேராகச் சொல்ல இடம் தந்தது அந்த விதி. அது இல்லையேல், எழுத்துவன்மை மிக்கவரே எல்லாப் பாத்திரங்களுக்காகவும் பேசிக்கொண்டிருப்பார். ஒன்பது பெயர்களில் ஒரு குரல் கேட்கும்.

அறிவின் எல்லை

அடுத்து முதன்மையானது அறிவு பற்றிய விதி. எழுதுபவர் அறிந்தவற்றையெல்லாம் பாத்திரம் அறிந்ததாக எழுதலாகாது. மீறுவது 'மெட்டாகேமிங்' எனப்படும். எல்லாப் பகுதிகளையும் படிக்கும் எழுத்தாளருக்குக் கொலைகாரன் யாரெனத் தெரியும். அவருடைய பாத்திரம் அதனைக் கதைக்குள் ஒருவழியாகக் கண்டறிந்தாக வேண்டும்.

அறத்தொடு நிற்றலைப் பயின்றோர்க்கு இது புதிதன்று. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தன்னையர்க்கும் எனக் களவுச் செய்தி படிப்படியாகச் செல்லும். நற்றாய் இடையில் குதித்து அறிந்துவிட்டால் அகப்பொருளின் இறுக்கமே தளர்ந்துபோகும். தலைவியின் மெலிவுக்குக் காரணம் தெரியாது செவிலி கலங்குவதும், கட்டுவிச்சியை அழைப்பதும், வேலன் வெறியாடுவதும் ஆகிய அத்தனையும் அவள் அறியாமையால் வாய்த்த துறைகள். படிப்போர் அறிவர், செவிலி அறியாள் என்னும் இந்த இடைவெளியைக் காப்பது தனிப்பாடலில் எளிது. ஒன்பதின்மர் எழுதும்போது, ஒருவர் தம் ஆவலை அடக்கத் தவறினாலும் இடைவெளி மூடிவிடும். எனவே இவ்விதியைக் கற்பனைக்கு இட்ட தடையாகக் கொள்வது பொருந்தாது.

குறையுடைமை

பாத்திரத்துக்குக் குறை ஒன்றேனும் வேண்டும் என்ற விதியைக் குறித்து இக்கட்டுரையாளருக்கு அத்தகைய இசைவு இல்லை. குறையற்ற, எல்லாரும் விரும்பும் பாத்திரத்துக்கு 'மேரி சூ' என்ற பெயர் வழங்குகிறது. பவுலா ஸ்மித் 1973இல் 'ஸ்டார் டிரெக்' ரசிகர் இதழ் ஒன்றில் எழுதிய பகடிக் கதையின் நாயகி பெயர் அது. பகடி பொருத்தமானதே. ஆனால் அச்சொல் விதியாக மாறியபின் பெரிதும் தாக்கியது எழுதப் பழகும் இளம்பெண்களை. வாளில் தேர்ந்த, மொழி பல அறிந்த, எவருக்கும் அஞ்சாத ஆண் பாத்திரத்தை வீரன் என ஏற்பவர்கள், அதே பண்புடைய பெண் பாத்திரத்தின் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் வழக்கம் உண்டானது. பெருமையும் உரனும் ஆடூஉவுக்கு, அச்சமும் நாணும் மகடூஉவுக்கு எனப் பகுத்த மரபைப் பாடம் சொல்லும் நமக்கு இதன் சாயல் எளிதில் விளங்கும். இவ்விதியால் நேரும் மற்றொரு தீமை, குறையும் படிவத்தில் நிரப்பும் ஒன்றாகிவிடுவது. 'முன்கோபம்' என்று எழுதுவர். கதையில் அவர் ஒருமுறையும் சினப்பதில்லை.

ஒவ்வொரு பகுதியும் இத்தனை சொற்களுக்குக் குறையலாகாது என்னும் விதியும் இத்தகையதே. அது சோம்பலைத் தடுக்க எழுந்தது. விளைந்தது வருணனைப் பெருக்கம். அதனைப் பற்றி இதற்குமேற் கூற வேண்டியதில்லை.

நீங்கியவர் பாத்திரம்

இறுதியாகக் கருதத்தக்கது, எழுதுபவர் நீங்கிய பின் பாத்திரத்தின் நிலை. குழுக்கள் பெரும்பாலும் ஒரு கால எல்லையைக் குறிக்கின்றன. அதற்குள் எழுதாதவர்க்கு அறிவிப்பு. பிறகும் வாராவிடில் பாத்திரம் கதையிலிருந்து விலக்கப்படும். எவ்வாறு விலக்குவது என்பதில் ஒரு மென்மை காணப்படுகிறது. உரியவர் இசைவின்றி அப்பாத்திரத்தைக் கொல்லக் கூடாது என்பது பல குழுக்களின் வழக்கம். தொலைவூருக்குப் பயணம், பணிமாற்றம், உறவினர் வீடு எனக் காரணம் புனைந்து அனுப்பிவைப்பர். மீண்டு வந்தால் கதவு திறந்திருக்கும். ஓதல், தூது, பொருள் எனப் பிரிவுக்குக் காரணம் வகுத்த நம் இலக்கணமும் நெய்தலின் இரங்கலுக்கு இடம் வைத்ததே அன்றித் தலைவனைத் திரும்பாதவனாகச் செய்யவில்லை.

மேற்குறித்த வகுப்பில் தேநீர்க் கடைக்காரராக எழுதிய மாணவர், பருவம் முடியுமுன் வேலை கிடைத்துப் படிப்பை இடையில் விட்டுச் சென்றார். கடையை என்ன செய்வது என்ற கேள்வி எழுந்தது. இடித்துவிடலாம் என்றனர் சிலர். நிலைய அதிகாரியாக எழுதிய மாணவி அடுத்த பகுதியை எழுதி வந்தார். அதிகாரி காலையில் கடைக்கு வருகிறார், கதவு சாத்தியிருக்கிறது, பலகையில் சிறிது நேரம் அமர்ந்திருக்கிறார், 7.40 வண்டிக்குக் கொடி காட்ட எழுந்து செல்கிறார். கடைக்காரர் எங்கே போனார் என்று அவர் எவரையும் கேட்கவில்லை. பூட்டைப் பற்றி ஒரு சொல்லும் அப்பகுதியில் இல்லை. கதவு சாத்தியிருந்தது என்று மட்டுமே இருந்தது.